இணைய ஏலத்தில் விற்கப்படும் போலி நாணயங்கள்: வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம், வாணியம்பாடி பக்கங்களில் பழைய நாணயம் சேர்க்கும் நண்பர்களும், சேர்க்கும் பழக்கமே இல்லாமல் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு காசைக் கண்டெடுத்தவர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, தெரிந்த விடைகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக இருப்பதால், பின்வரும் விடைகள் முன்சொன்னவற்றைச் சார்ந்தே நிற்கும்.

போலி நாணயம் என்றால் கள்ளக்காசுதானே? அது போலீஸ் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லையா?

கடையில் மாற்றுவதற்காக அடிக்கப்படும் கள்ளக்காசு வேறு, சேகரிப்பவரிடம் விற்பதற்காகச் செய்யப்படும் போலி வேறு. முதலாவது முகமதிப்புக்கே கைமாறுகிறது. இரண்டாவது, நூறு ரூபாய் பெறாத உலோகத்தைப் பல ஆயிரங்களுக்கும் சில நேரம் லட்சங்களுக்கும் விற்கும் தொழில். இந்தத் தொகுப்பு இரண்டாவதைப் பற்றியது.

இதிலும் வகைகள் உண்டு. அசலிலிருந்து அச்செடுத்து உலோகத்தை ஊற்றி வார்த்தது ஒன்று. புதிதாக டை (நாணயத்தின் உருவம் வெட்டிய உலோக அச்சு) செய்து அச்சடித்தது மற்றொன்று. அசல் நாணயத்திலேயே ஆண்டையோ நாணயச்சாலைக் குறியையோ செதுக்கி மாற்றியது இன்னொன்று. எந்த அரசும் எந்தக் காலத்திலும் வெளியிடாத காசைக் கற்பனையாகச் செய்து விற்பதும் நடக்கிறது. இவற்றுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாதது மறு அச்சு. பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகள் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து, விக்டோரியா காலத்து நாணயங்களைச் சேகரிப்பவர்களுக்காக 1970 வாக்கில் வரை மீண்டும் அடித்துக் கொடுத்தன. அவை அரசு நாணயச்சாலையின் வேலைதான் என்பதால் போலி ஆகா. ஆனால் அவற்றை அந்தக் காலத்து முதல் அச்சு என்று சொல்லி விற்பது மோசடி.

வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் என்னிடம் இருக்கிறது. பத்து லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். விற்கலாமா?

அந்த நாணயம் 2012-இல் வெளியிடப்பட்டுப் புழக்கத்துக்கு வந்த சாதாரண நினைவு நாணயம். அதற்கு லட்சங்களில் விலை கிடையாது. இங்கே நாணயம் அசல், வாங்குபவர்தான் போலி. முதலில் பதிவுக் கட்டணம், பிறகு ஜி.எஸ்.டி., அதன் பிறகு ரிசர்வ் வங்கியின் அனுமதிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக உங்களிடமிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும். பத்து லட்சம் வரவே வராது. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்கி விற்பதில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்றும், அதற்காகத் தான் எந்தக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாகவே எச்சரித்தது.

பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்த கடைகள் நம் பக்கத்தில் ஏராளம். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் சொன்ன பிறகும் அந்தத் தயக்கம் உடனே தீரவில்லை. செல்லும் பத்து ரூபாயை நம்பாத நாம், ஐந்து ரூபாய் பத்து லட்சம் பெறும் என்பதை மட்டும் எப்படி நம்புகிறோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ராமர் பட்டாபிஷேகமும் 1818 என்ற ஆண்டும் உள்ள கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா ஏலத்துக்கு வந்திருக்கிறது. அரிசியை இழுக்கும் என்கிறார்களே?

அப்படி ஒரு நாணயத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிடவே இல்லை. ராமர், அனுமன், விநாயகர், தாமரை ஆகிய உருவங்களுடனும், 'யு.கே.எல்.' என்ற பொருளற்ற எழுத்துகளுடனும், 1818, 1839 போன்ற ஆண்டுகளுடனும் வருபவை அனைத்தும் மேலே சொன்ன கற்பனைக் காசுகள். 1818-இல் கம்பெனிக்கு இந்தியா முழுமைக்குமான பொது நாணயம் கிடையாது; வங்காளம், பம்பாய், சென்னை மாகாணங்கள் தனித்தனியே அடித்துக்கொண்டிருந்தன. பொது நாணயம் 1835-இல்தான் வந்தது. அதிலும் செம்பில் பெரிய மதிப்பு அரை அணாவே ஆகும்; செம்பில் ஓர் அணா வரவே இல்லை. ஆகவே 'செம்பு ஓர் அணா, கம்பெனி' என்ற விளம்பரத்தைப் படம்கூடப் பார்க்காமல் ஒதுக்கிவிடலாம்.

அந்தக் காலத்தில் நம் வட்டாரம் இருந்த சென்னை மாகாணத்தின் கணக்கு முற்றிலும் வேறு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818 தொடக்கத்தில்தான் அங்கு வெள்ளி ரூபாய் கணக்குப் பணமாக ஆக்கப்பட்டது. அந்தக் காலத்து அசல் செம்புக் காசை விரும்புகிறவர்கள் 1808 என்ற ஆண்டு பொறித்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்களைத் தேடலாம். அவற்றைச் சென்னைக்கு ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கி, 1980-களில் காசுகள் பெருமளவில் மீட்கப்பட்டதால் அவை எளிதாகவே கிடைக்கின்றன.

அரிசியை இழுப்பது, இரிடியம் கலந்தது, விண்வெளி ஆய்வு நிறுவனம் கோடிகளில் வாங்குகிறது என்பவை தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் பலமுறை வழக்காகிவிட்ட 'ரைஸ் புல்லிங்' மோசடியின் வசனங்கள். காந்தத்தையும் இரும்புத் தூள் ஏற்றிய அரிசியையும் வைத்துக் காட்டும் வித்தை அது.

ஏலப் பக்கத்தில் படம் மட்டும்தான் இருக்கிறது. படத்தை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்?

அசல் என்று உறுதி செய்யப் படம் போதாது. ஒதுக்குவதற்குப் பெரும்பாலும் போதும். தலைப்பக்கம், பூப்பக்கம் இரண்டையும் நேராகவும் தெளிவாகவும் காட்டாமல் மங்கலான ஒற்றைப் படம் போடுபவரிடம் விலகிவிடுங்கள். எழுத்துகளின் விளிம்புகள் மெழுகு உருகியதுபோல் மொழுக்கென்று இருந்தாலும், உருவமோ எழுத்தோ இல்லாத வெற்றுப் பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தாலும் அது வார்ப்பாக இருக்கக்கூடும். உண்மையான தேய்மானம் மேடான இடங்களில் தொடங்கும்: அரசரின் கன்னம், முடி, கிரீடத்தின் உச்சி ஆகியவை முதலில் மழுங்கும். கன்னமும் பள்ளமான எழுத்திடைகளும் ஒரே அளவில் மழுங்கியிருந்தால், அது கைமாறித் தேய்ந்த காசு அல்ல.

விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: ஓரத்தின் படம், மில்லி தராசில் வைத்த எடையின் படம், அன்றைய தேதி எழுதிய தாளின் மேல் நாணயத்தை வைத்து எடுத்த படம். கடைசியாகச் சொன்னது, வேறொருவரின் ஏலத்திலிருந்து திருடிய படத்தைப் போட்டு வேறு பொருளை அனுப்புபவர்களைத் தடுக்கும். அதே படத்தை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பார்ப்பதும் நல்லது. ஒரே கீறலும் ஒரே பள்ளமும் ஒரே இடத்தில் உள்ள நாணயம் இரண்டு வெவ்வேறு ஏலங்களில் கிடைத்தால், இரண்டுமே ஒரே அச்சிலிருந்து வந்த போலிகளாக இருக்கலாம். டையில் ஏற்பட்ட விரிசல் பல அசல் நாணயங்களில் ஒரே இடத்தில் தெரியும். ஆனால் புழக்கத்தில் பட்ட அடி இரண்டு நாணயங்களில் ஒன்றுபோல விழாது.

எடை சரியா என்று பார்க்கச் சொல்கிறீர்கள். சரியான எடை எது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

நம் கைக்கு அதிகம் வருபவற்றுக்குச் சில எண்களை நினைவில் வைத்தால் போதும். 1835 முதல் 1945 வரையிலான வெள்ளி ரூபாய் 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் அதில் பாதி. 1939 வரை வெள்ளி 91.7 விழுக்காடு, 1940 முதல் 50 விழுக்காடு மட்டுமே. கம்பெனியின் 1835 கால் அணா 6.48 கிராம். ராஜா தலை பவுன் 7.99 கிராமும் 22.05 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது. விஜயநகர வராகன் 3.4 கிராமை ஒட்டியும், தங்கப் பணம் அரை கிராமுக்கும் குறைவாகவும் இருக்கும்.

தேய்ந்த ரூபாய் ஓரிரு விழுக்காடு குறைவது இயல்பு. ஆனால் எடை கூடியிருந்தால் அதற்குத் தேய்மானத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. பளபளவென்று புதிது போல இருந்துகொண்டு 10.8 கிராம் மட்டுமே நிறுக்கும் ரூபாயும் அதே அளவு சந்தேகத்துக்குரியது.

காந்தம் ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல். சரிதானே ஐயா?

இல்லை. வெள்ளி, தங்கம், செம்பு ஆகியவற்றில் காந்தம் ஒட்டாது என்பது உண்மை. ஆனால் பித்தளையிலும், பெயரில் மட்டுமே வெள்ளி உள்ள ஜெர்மன் சில்வர் என்ற கலப்பு உலோகத்திலும், ஈயத்திலும்கூட ஒட்டாது. ஆகவே காந்தம் இரும்புப் போலியை மட்டுமே காட்டிக்கொடுக்கும். எதிர்ப்பக்கமும் பாருங்கள்: 1947-ஆம் ஆண்டின் ரூபாய் நிக்கலில் அடிக்கப்பட்டது, அசலாக இருந்தால் காந்தம் ஒட்டியே ஆக வேண்டும். புலி படம் போட்ட 1947 ரூபாயை 'வெள்ளி' என்று விற்பவர் பொய் சொல்கிறார்; காந்தம் ஒட்டியது என்பதற்காக அதைப் போலி என்று திருப்பி அனுப்புபவரும் தவறு செய்கிறார்.

சுண்டிப் பார்த்து ஓசையில் கண்டுபிடிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள், வெள்ளியின் நீண்ட ஓசை வார்ப்பு ஈயத்தில் வராது என்பதும் சரிதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ள அசலும் மழுங்கலாகத்தான் ஒலிக்கும். மேலும் நல்ல நிலையில் உள்ள நாணயத்தைக் கல்லில் சுண்டினால் ஓரம் அடிபட்டு விலை குறையும். அமிலச் சொட்டு விடுவதும், உரைகல்லில் உரசுவதும் சேகரிப்பு நாணயத்துக்கு ஆகவே ஆகா.

நாணயத்தைக் கெடுக்காமல் வீட்டிலேயே உலோகத்தைச் சோதிக்க வழி உண்டா?

உண்டு. தண்ணீரில் எடை பார்ப்பதே அந்த வழி. நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சிறு எலக்ட்ரானிக் தராசு இருந்தால் போதும். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் தண்ணீருக்குள் இறக்கிப் பிடித்தால், தராசு ஓர் எண்ணைக் காட்டும். நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி கிடைக்கும். நாணயத்தில் ஒட்டியுள்ள காற்றுக் குமிழ்களை முதலில் உதிர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் கணக்குப் பிசகும்.

ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை எடுத்துக்கொள்வோம். 91.7 விழுக்காடு வெள்ளியின் அடர்த்தி ஏறத்தாழ 10.3. ஆகவே 11.66 கிராம் ரூபாய்க்குத் தராசு 1.13 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். அதே எடையில் ஜெர்மன் சில்வரில் செய்த போலிக்கு 1.34 காட்டும். இந்த வேறுபாட்டைச் சாதாரணத் தராசே தெளிவாகப் பிடித்துவிடும். 22 காரட் பவுனுக்கு அடர்த்தி 17.6 அளவில் வரும்; பித்தளைக்கு 8.5-ஐத் தாண்டுவதே அரிது.

இந்தச் சோதனைக்கு எல்லைகள் இரண்டு. அரை கிராம்கூட இல்லாத தங்கப் பணத்துக்குத் தராசு 0.02, 0.03 என்றுதான் காட்டும். அந்த எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது. மேலும், ஈயத்தையும் லேசான உலோகத்தையும் கலந்து வெள்ளியின் அடர்த்திக்குக் கொண்டுவருவதும், தங்கத்தின் அடர்த்தியை ஏறத்தாழ ஒத்த டங்ஸ்டனை உள்ளே வைத்து மேலே தங்கம் பூசுவதும் சாத்தியமே.

லாங் பஜாரில் டச் பார்க்கும் மெஷினில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடாதா?

உலோகம் தெரியும், காலம் தெரியாது. நகைக்கடைகளில் டச் பார்க்கும் எக்ஸ்-கதிர் இயந்திரம் நாணயத்தைக் கெடுப்பதில்லை, எனவே தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் அது மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கை மட்டுமே படிக்கிறது; தடித்த முலாம் பூசியதை முழுத் தங்கமாகவும் வெள்ளியாகவும் காட்டக்கூடும். அதனால் டச் பார்ப்பதோடு மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

எடை சரி, தங்கம் 22 காரட், தண்ணீரிலும் சரியாக வந்தது. அப்புறமும் போலியாக இருக்குமா?

இருக்கும். சேகரிப்பில் காலூன்றியவர்களே தடுக்கி விழும் இடம் இது. பவுன் நாணயத்துக்குத் தங்கத்தின் விலையைவிடக் கூடுதல் விலை கிடைத்த காலத்தில், 1950-களை ஒட்டி இத்தாலியிலும் பெய்ரூட்டிலும் முழு எடையில் முறையான தங்கத்திலேயே போலிப் பவுன்கள் அடிக்கப்பட்டன. அவை தங்கம் என்ற அளவில் உண்மை, நாணயம் என்ற அளவில் பொய். பம்பாயில் 1918-இல் மட்டும், 'ஐ' என்ற ஆங்கில எழுத்துக் குறியுடன் பவுன் அடிக்கப்பட்டது. வேறோர் ஆண்டில் அந்தக் குறியோடு பவுன் வந்தால் தங்கத்தைச் சோதிக்கவே தேவையில்லை.

நம் ஊரோடு நெருங்கிய எடுத்துக்காட்டு வேங்கடபதி ராயரின் வராகன். 1586 முதல் 1614 வரை ஆண்ட அவருடைய ஆட்சியில் தலைநகர் பெனுகொண்டாவிலிருந்து சந்திரகிரிக்கும் வேலூருக்கும் நகர்ந்தது. திருவாசியின் கீழ் நிற்கும் வேங்கடேசப் பெருமாளும், பின்பக்கம் 'ஸ்ரீ வேங்கடேஸ்வராய நமஹ' என்ற நாகரி எழுத்தும் கொண்ட அவருடைய வராகன் பக்தியாலும் ஊர்ப்பற்றாலும் விலை போகிறது. 3.4 கிராம் தங்கத்தை வாங்கி அதே எடையில் வார்த்தாலோ அடித்தாலோ செய்பவருக்குத் தங்கத்துக்கு மேல் கணிசமான லாபம். இங்கே பார்க்க வேண்டியது உலோகத்தை அல்ல, வேலைப்பாட்டை. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில், எழுத்தின் பக்கச் சுவர் நேராக எழுகிறதா, ஓரத்தில் அரம் போட்ட தடமோ வார்ப்புக் கோடோ உண்டா, முன்பே பதிவான அசல்களின் டையோடு எழுத்தின் சாய்வும் இடைவெளியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு முதலில் அசல்களைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் காட்சிக்கூடத்தில் ஒரு பகல் செலவிடுவது, ஏலப் பக்கங்களை ஒரு மாதம் புரட்டுவதைவிடப் பயன் தரும்.

காசுமாலையிலிருந்து எடுத்த நாணயங்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வளையம் பற்றவைத்த தடம் மேல் ஓரத்தில் இருக்கும்; அது அசலாகவே இருக்கலாம், விலைதான் குறைவு. அந்தத் தடத்தை அரத்தால் தேய்த்து மறைத்து 'நகையில் ஏறாதது' என்று விற்பது வேறு வகை ஏமாற்று.

ஆற்காடு ரூபாய் நம்ம ஊர்க் காசு. ஆற்காட்டில் அடித்தது என்று போட்டிருந்தால் அசல்தானே?

'ஆற்காடு' என்ற பெயர் நாணயத்தில் இருப்பதால் அது ஆற்காட்டில் அடிக்கப்பட்டது என்று ஆகாது. ஆற்காடு ரூபாய்க்குச் சந்தையில் இருந்த மதிப்பால், அதே பெயரில் அடிக்கும் உரிமையை நவாபுகளிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் 1736-இலும், ஆங்கிலேயக் கம்பெனி 1742-இலும் பெற்றனர். பிறை குறி உள்ளது புதுச்சேரியில் அடித்தது. தாமரைக் குறி உள்ளது சென்னையில் கம்பெனி அடித்தது. கம்பெனி முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரையும், ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டையும், ஆறாம் ஆட்சியாண்டையும் அப்படியே நிறுத்திவைத்து, அந்தப் பேரரசர் 1759-இல் இறந்த பிறகும் பல பத்தாண்டுகள் அடித்துக்கொண்டே இருந்தது. ஆகவே 1172 என்ற ஆண்டைக் கண்டு '1759-இல் ஆற்காட்டில் அடித்தது' என்று எழுதும் விற்பனையாளர் போலி விற்கிறார் என்று சொல்ல மாட்டேன். அவருக்குத் தன் பொருள் தெரியவில்லை, அவ்வளவுதான். விலையை அவர் சொல்லும் வரலாற்றுக்குக் கொடுக்காமல், நாணயத்தில் உள்ள குறிக்குக் கொடுங்கள்.

போலியைப் பொறுத்தவரை ஒன்று கவனிக்கத்தக்கது. கையால் அடித்த பழைய ஆற்காடு ரூபாய்களில் டை பெரிது, வில்லை சிறிது. அதனால் பாரசீக வாசகத்தின் ஒரு பகுதி மட்டுமே பதிந்திருக்கும், அதுவும் காசுக்குக் காசு வேறு இடத்தில் வெட்டுப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் இயந்திரம் வந்த பிறகு அடித்தவை வட்டமாக, ஓர வரிகளோடு முழு வாசகமும் கொண்டிருக்கும். கையால் அடித்தது என்று விற்கப்படும் ஐந்து காசுகளிலும் வாசகம் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டிருந்தால், அந்த ஐந்தும் ஒரே வார்ப்பச்சின் பிள்ளைகள்.

1939 ரூபாய் ஒன்று 40,000 ரூபாயில் ஏலத்தில் நிற்கிறது. லட்சங்கள் பெறும் காசாயிற்றே, விடலாமா?

ஆறாம் ஜார்ஜின் 1939 வெள்ளி ரூபாய் மிக அரிது என்பதும், அசல் லட்சங்களில் போகும் என்பதும் உண்மை. அந்த உண்மைதான் போலிக்கு முதலீடு. 1938 ரூபாய் எளிதில் கிடைக்கிறது. அதன் கடைசி 8-ஐச் செதுக்கி 9 ஆக்கினால் எடை, வெள்ளி, அடர்த்தி, ஓசை எல்லாம் சரியாகவே வரும், ஏனென்றால் காசு அசல், ஆண்டு மட்டும்தான் பொய். லூப்பின் கீழ் அந்த ஓர் இலக்கத்தைச் சுற்றியுள்ள பரப்பு மட்டும் தேய்த்ததுபோல் நிறம் மாறியிருக்கிறதா, 9-இன் வளைவு அதே நாணயத்தின் முதல் 9-ஓடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தையும் பாருங்கள்: 1940-இல் வெள்ளியைக் குறைத்தபோதுதான் ஓரத்தின் நடுவில் பள்ளம் ஓடும் பாதுகாப்பு ஓரம் ரூபாய்க்கு வந்தது. அந்த ஓரத்தோடு 1939 என்ற ஆண்டு வந்தால் பேச்சே வேண்டாம்.

இவ்வளவு அரிய காசு நல்ல ஏல நிறுவனத்துக்குப் போகாமல் கைப்பேசிக் குழுவில் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு விற்பவர் சொல்லும் விடையையும் எடை போடுங்கள். அவசரமாகப் பணம் தேவை, மகளின் கல்யாணம், மருத்துவச் செலவு என்ற விடைகளே பெரும்பாலும் வருகின்றன.

செம்புக் காசில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது, மண்ணும் ஒட்டியிருக்கிறது. அது பழமைக்கு அடையாளம் இல்லையா?

பச்சை நிறத்தை ரசாயனத்தால் சில நாட்களில் ஏற்றிவிடலாம். அப்படி ஏற்றியது மாவுபோல ஒரே சீராகப் படிந்து, ஈரத் துணியிலோ நகத்திலோ பெயர்ந்து வரும். நூற்றாண்டுகளாக ஏறியது உலோகத்தோடு ஒன்றாகி, இடத்துக்கு இடம் நிறம் மாறியிருக்கும். ராசராசன் காசு என்று விற்கப்படும் செம்புக் காசுகளை எடுத்துக்கொண்டால், அசலே ஏராளமாகவும் மலிவாகவும் கிடைப்பதால் சாதாரணச் செம்பில் போலி செய்வதில் லாபம் அதிகமில்லை. அதே வடிவத்தைத் தங்கத்திலும் வெள்ளியிலும் காட்டுபவர்களிடம்தான் இருமடங்கு எச்சரிக்கை வேண்டும்.

மண்ணைப் பொறுத்தவரை, 'பாலாற்று மணலில் கிடைத்தது', 'வீடு கட்டக் கடக்கால் தோண்டியபோது கிடைத்தது' என்ற கதைகள் போலியை விற்க உதவுகின்றன. கதை உண்மையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆகவே அந்தக் கதையைக் கேட்டதும், பொய் என்றாலும் மெய் என்றாலும், வாங்காமல் இருப்பதே சரி.

பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்து, வெளிநாட்டுத் தரச்சான்று நம்பரோடு வருகிறதே, அதையாவது நம்பலாமா?

பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் நாணயத்தைச் சோதித்து, 1 முதல் 70 வரையிலான அளவில் தரம் குறித்து, முத்திரையிட்ட பெட்டியில் வைத்துத் தருகின்றன. அந்தச் சான்றுக்கு மதிப்பு உண்டு. ஆனால் பெட்டியும் சீட்டும் சேர்த்தே போலியாக வருகின்றன. அசல் எண்ணையே நகலெடுத்துப் போடுவதால், எண் அவர்களுடைய தளத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. அந்த எண்ணுக்கு அங்கே படம் இருந்தால், கையில் உள்ள நாணயத்தின் கீறல், நிறப்படிவு, டை சுழற்சி (ஒரு பக்கத்துக்கு மறுபக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது) ஆகியவை படத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிட வேண்டும். பெயர் தெரியாத 'சான்றிதழ் மையம்' கணினியில் அச்சடித்துத் தரும் அட்டைக்கு அட்டையின் விலைதான்.

விற்பவருக்கு நூற்றுக்கணக்கான நல்ல மதிப்பீடுகள் இருக்கின்றன, ஏலத்திலும் பத்துப் பேர் போட்டி போடுகிறார்கள். பத்துப் பேரும் ஏமாளிகளா?

பத்துப் பேரும் உண்மையான ஆட்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. விற்பவரோ அவருடைய கூட்டாளியோ வேறு பெயரில் விலையை ஏற்றிவிடுவது ஏலத் தொழிலில் பழையது. கைப்பேசிக் குழு ஏலங்களில் அதைத் தடுக்க யாரும் இல்லை. 'ஜெயித்தவர் வாங்காமல் விட்டுவிட்டார், இரண்டாவது நீங்கள்தான்' என்ற செய்தி மறுநாள் வந்தால், பெரும்பாலும் இதுவே நடந்திருக்கும். மதிப்பீடுகளையும் திறந்து படியுங்கள். ஐம்பது ரூபாய் அஞ்சல் தலைகளை நூறு பேருக்கு ஒழுங்காக அனுப்பிப் பெற்ற நற்பெயர், ஐம்பதாயிரம் ரூபாய் நாணயத்துக்குப் பிணையாகாது.

பணம் கட்டுவதிலும் பார்சல் பிரிப்பதிலும் என்ன கவனிக்க வேண்டும்?

'பதினான்கு நாளில் போலி என்று தெரிந்தால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும்' என்ற வகை உறுதியை, பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தளத்தின் வழியே பணம் கட்டும் வசதி இருக்கும்போது, கட்டணம் மிச்சம் என்று சொல்லித் தனியே யூ.பி.ஐ.-இல் அனுப்பச் சொல்பவருக்கு அனுப்ப வேண்டாம். தளத்தின் பாதுகாப்பு அதோடு போய்விடும். யூ.பி.ஐ. ரகசிய எண் பணம் அனுப்புவதற்கு மட்டுமே தேவை; பணம் பெறுவதற்காக அந்த எண்ணைப் போடச் சொன்னால் அது மோசடி.

பார்சலின் முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி, பிரித்து, நாணயத்தைத் தராசில் வைக்கும் வரை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். நாணயத்தைக் கழுவவோ துடைக்கவோ கூடாது. துடைத்தபின் திருப்பித் தந்தால் 'நான் அனுப்பியது இதுவல்ல' என்ற வாதத்துக்கு நீங்களே இடம் கொடுத்தவர் ஆவீர்கள்.

ஏமாந்துவிட்டேன். விற்றவர் வடமாநிலத்தில் இருக்கிறார். வேலூரில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?

பணம் போய்ச் சில மணி நேரமே ஆகியிருந்தால், வேறு எதையும் யோசிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் பதிவு செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க முடிந்தால்தான் மீட்க வழி உண்டு. தேசிய இணையக்குற்றப் புகார் தளத்திலும் எழுதலாம். ஏமாற்றுதலுக்குப் பாரதிய நியாய சம்ஹிதையின் 318-ஆம் பிரிவும், இணையவழி ஆள்மாறாட்ட ஏமாற்றுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவும் பொருந்தும்.

ஏலத் தளமோ வியாபாரியோ சம்பந்தப்பட்டிருந்தால் நுகர்வோர் வழியும் திறந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை என்பது 2019-ஆம் ஆண்டின் சட்டம் தந்த வசதி. செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விளம்பரத்தின் திரைப்பதிவு, உரையாடல், பணம் கட்டிய சீட்டு, மேலே சொன்ன வீடியோ ஆகியவை இல்லாமல் போனால் ஆணையமும் எதுவும் செய்ய முடியாது.

வெளிநாட்டு ஏலத்தில் நல்ல விலை கிடைக்கிறதாம். என்னிடம் உள்ள பழைய காசுகளை அங்கே அனுப்பி விற்கலாமா?

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டைக் கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அஞ்சலில் ஒரே ஒரு விக்டோரியா ரூபாயை அனுப்பினாலும் குற்றமே. 'வெளிநாட்டு வாங்குபவர்' என்று சொல்லிக்கொண்டு சுங்கக் கட்டணம் கேட்பவர், இரண்டாம் விடையில் சொன்ன கும்பலின் உறவினர்.

ரெப்ளிகா என்று சொல்லித்தான் ஒருவர் விற்றார். நானும் தெரிந்தே வாங்கினேன். அதை நான் திரும்ப விற்றால் தவறா? போலி என்று தெரிந்த காசை என்ன செய்வது?

ரெப்ளிகா என்பதை மறைக்காமல் விற்றால், ஏமாற்று என்ற குற்றச்சாட்டு எழாது. சிக்கல் என்னவென்றால், நீங்கள் சொன்ன சொல் அடுத்த கைக்குக் காசோடு போவதில்லை. அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டின் சட்டம், நகல் நாணயத்தின் மேலேயே நகல் என்ற சொல் பொறிக்கப்பட வேண்டும் என்கிறது. அப்படிப் பொறித்ததையும் தேய்த்து அழித்து ஏலத்தில் விடுகிறார்கள். போலி என்று தெரிந்த பிறகு, 'எனக்கு நாணயம் பற்றித் தெரியாது, தாத்தா வைத்திருந்தது, பார்த்து விலை சொல்லுங்கள்' என்று எழுதி விற்பது, போலி என்று சொல்லாமல் விற்பதைவிடவும் கெட்ட வேலை. ஏலப் பக்கங்களில் மிகுதியாகக் காணப்படும் வாசகமும் அதுவே.

திருப்பிக் கொடுக்க முடியாமல் கையில் தங்கிவிட்ட போலியை நான் எறியச் சொல்வதில்லை. வழக்கு நடந்தால் அது சாட்சிப் பொருள். முடியும் வரை உறையில் வைத்து, வாங்கிய தேதியையும் விலையையும் மேலே எழுதி வையுங்கள். அதன் பிறகு ஓரத்தில் ஆழமாக ஒரு வெட்டுப் போட்டு, அசல் சேகரிப்போடு கலக்காமல் தனி டப்பாவில் போட்டுவிட்டால், நமக்குப் பின் அந்தப் பெட்டியைத் திறக்கும் பிள்ளைகள் அதை அசல் என்று எண்ணிக் கடைக்கு எடுத்துப் போக மாட்டார்கள்.